எண்பத்து நாலு கிலோ

ஜனவரி 11

தம்பிக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். எட்டு நாளாக அடித்துப் பார்த்துவிட்டேன். எடுப்பது டீச்சர்தான். "அவர் தூங்குறார் அண்ணி" என்கிறாள், பாவம். பின்னால் உன் இருமல் கேட்கிறது. தூங்கிக்கொண்டே இவ்வளவு ஒழுங்காக இருமுகிறவனை நான் பார்த்ததில்லை. கட்டிய பெண்டாட்டியைப் பொய் சொல்ல வைக்காதே. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்.

டாக்டர் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. உன் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, மூன்று வருடமாக மெஷின்தான் உன் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. டீச்சருடையது உனக்குப் பொருந்தவில்லை. என்னுடையது பொருந்துகிறது. ஆனால் "நூத்திப் பதினெட்டு கிலோ இருக்கீங்கம்மா. உங்க உயரத்துக்கு எண்பத்து நாலுக்குக் கீழ வந்தாத்தான் உங்ககிட்ட எடுக்க முடியும்" என்றார். அது அவர் வேலை. நீ வராந்தாவில் வைத்துச் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. "வாயைக் கட்டத் தெரியாதவ கிட்னி கொடுக்க வந்துட்டா." காப்பி மெஷின் பக்கத்தில் நின்ற நாலு பேரும் திரும்பி என் வயிற்றைப் பார்த்தார்கள்.

பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்ததும் நான் வேலை செய்கிற பேக்கரிக் கடையில் விற்காமல் கிடந்த க்ரீம் பன்னில் மூன்றைத் தின்றேன். நீ எப்படியும் நினைத்திருப்பாய் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு இங்கே ஒரு சர்ஜனைப் போய்ப் பார்த்தேன். வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு குழாய் மாதிரித் தைத்துவிடுவார்களாம். ஒரு வருடத்தில் எண்பத்து நாலுக்கு வந்துவிடலாம் என்கிறார். மார்ச்சில் தேதி கொடுத்திருக்கிறார்.

உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. தகவல் சொல்கிறேன்.

அக்கா


ஜனவரி 24

அக்காவுக்கு,

மெஷினில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். இடது கையில் இரண்டு ஊசி. வலது கை சும்மா இருக்கிறது. நாலு மணி நேரம் கூரையைப் பார்ப்பதற்கு இது மேல்.

நாலு பேர் முன்னால் சொன்னது தப்பு. சொன்ன விஷயத்தில் தப்பு இல்லை.

ஆபரேஷன் வேண்டாம். நன்றாக இருக்கிற வயிற்றை யாராவது அறுத்துக்கொள்வார்களா? நான் லிப்ட் மெக்கானிக். எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிற இடத்தில் ஒன்பதாவது ஆள் ஏறினால் மணி அடிக்கும், ஒருவர் இறங்க வேண்டும். அதற்காக யாரும் லிப்டை அறுப்பதில்லை. நான் இறங்கிக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்.

இப்போது மேலே ஏறி வேலை செய்ய என்னால் முடியாது என்பதால் கம்பெனியில் அவசர அழைப்பு மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அழைப்பார்கள். "பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாரு" என்பேன். சில சமயம் ஆள் இன்னும் சாப்பிட்டே முடித்திருக்க மாட்டான். வாரத்தில் மூன்று நாள் மெஷின், மூன்று நாள் இந்த வேலை. இது பழகிவிட்டது.

ஒன்றுதான் கேட்கிறேன். எனக்கு ஆசை காட்டாதே. ஆசையில்லாமல் இருக்கக் கற்றுக்கொள்ள எனக்கு முழுசாக மூன்று வருடம் பிடித்தது.

தம்பி


பிப்ரவரி 6

குச்சிக்கு,

நீ இறங்கிக்கொள்வாயாம். எங்கே இறங்குவாய்? பெரிய தியாகி! உன் கடிதத்தைக் கடை முதலாளி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உன் தம்பிக்கு வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது" என்றார்.

இங்கே எனக்குப் பரீட்சை மேல் பரீட்சை. ரத்தம், நெஞ்சு, வயிற்றுக்குள் கேமரா எல்லாம் ஆயிற்று. மனநல டாக்டர் ஒருத்தி, எனக்கு ஒரு மகள் இருந்தால் அவள் வயசுதான் இருக்கும், "ஏன் நிறைய சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள். "பசிக்குதும்மா" என்றேன். அதை ஒரு பக்கம் எழுதிக்கொண்டாள். "எதுக்காக இந்த ஆபரேஷன்?" "தம்பிக்காக." "உங்களுக்காகன்னு சொன்னாத்தான் நல்லது" என்றாள். சரி, எனக்காக என்று சொல்லிவைத்தேன். எனக்கு இருக்கிறது ஒரு தம்பி, அவனும் எனக்காகத்தானே?

பிறகு வகுப்பு. என்னைப் போலப் பதினோரு பேர். கைப்பிடி இல்லாத நாற்காலியாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள், அந்தப் புண்ணியத்துக்கே அவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். டயட்டீஷியன் பெண் பலகையில் எழுதினாள்: வயிறு சின்னதாகிவிடும், ஒரு வாய்க்கு மேல் தண்ணீர் நிற்காது, ஆனாலும் நாள் முழுக்க வாய் வாயாக இரண்டு லிட்டர் குடித்தாக வேண்டும். தாள் ஒன்று கொடுத்திருக்கிறாள், தினமும் டிக் போட.

ஆபரேஷனுக்கு முன்னால் நாலு வாரம் வெறும் திரவம். ஈரல் சுருங்கினால்தான் உள்ளே கருவி போகுமாம். இன்று நாலாவது நாள். கண்ணில் பூச்சி பறக்கிறது. நாள் முழுக்க கேக்கில் பெயர் எழுதுவது என் பிழைப்பு. நேற்று ஒரு கேக்கில் 'வாழ்த்துகள்' என்பதில் புள்ளியை விட்டுவிட்டு 'வாழத்துகள்' என்று எழுதிவிட்டேன். வாங்க வந்தவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் படித்தார். க்ரீமை வைத்து ஒரு புள்ளி குத்திக் கொடுத்தேன். விரலில் ஒட்டியதை நக்காமல் துணியில் துடைத்தேன். அதை நீ பார்த்திருக்க வேண்டும்.

குண்டு


பிப்ரவரி 20

குண்டக்காவுக்கு,

நீ கேட்க மாட்டாய் என்று டீச்சர் முதலிலேயே சொன்னாள். சரி, செய். ஆனால் எனக்காக என்று வெளியில் சொல்லிக்கொள்ளாதே. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாரத்தை என்னால் தூக்க முடியாது.

பட்டினியைப் பற்றி நீ புலம்புகிறாய். தாகத்தைப் பற்றி நான் சொல்கிறேன், கேள். சிறுநீர் வராது, குடிக்கிறது எல்லாம் உடம்பில்தான் நிற்கும். அதனால் ஒரு நாளைக்கு எனக்கு முக்கால் லிட்டர். காப்பி, மாத்திரைக்குத் தண்ணீர் எல்லாம் சேர்த்து. காலையில் ஒரு பாட்டிலில் நிரப்பிப் பேனாவால் ஆறு கோடு போட்டு வைப்பேன். பதினோரு மணிக்கே மூன்றாவது கோட்டுக்கு வந்துவிடும். பிறகு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு அழைப்பை எடுப்பேன். லிப்டில் மாட்டியவர்கள் நான் ஏதோ மென்றுகொண்டு பேசுவதாக நினைத்துத் திட்டுகிறார்கள்.

பசி இரண்டு நாளில் மரத்துவிடும். தாகம் மரக்காது.

குச்சி


மார்ச் 3

குச்சிக்கு,

நாளைக் காலை எட்டு மணிக்கு. இங்கே படுக்கை கொடுத்துவிட்டார்கள். நூற்றுப் பத்து கிலோவுக்கு வந்துவிட்டேன், கத்தி படாமலே எட்டு. பக்கத்துப் படுக்கைக்காரி கல்யாணத்துக்காகச் செய்துகொள்கிறாள். என்னைக் கேட்டாள். தம்பிக்காக என்றேன். "தம்பி கல்யாணத்துக்கா?" என்கிறாள்!

பயமாக இருக்கிறது. வேறு யாரிடமும் சொல்ல முடியாது, கடை அம்மா போகாதே என்று தடுத்துவிடுவார். ஏதாவது ஆனால் பொருந்துகிற கிட்னி இரண்டும் என்னோடு போய்விடுமே என்றுதான் பயம்.

குண்டு


மார்ச் 22

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். வயிற்றில் ஐந்து ஓட்டை, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளாஸ்திரி. முதல் நாள் உள்ளே அடைத்த காற்று தோளில் ஏறி வலித்தது, வயிற்றை அறுத்தால் தோள் ஏன் வலிக்கிறது என்று நர்ஸிடம் சண்டை போட்டேன். இரண்டாம் நாள் நடக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு சின்ன மூடியில் தண்ணீர் ஊற்றி, இதைக் கால் மணி நேரத்தில் குடி என்றார்கள். அது பாதியில் நின்று நெஞ்சை அடைத்தது. ஒரு மூடித் தண்ணீருக்கு அழுதேன்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். கரைத்த புரதப் பொடி இரண்டு ஸ்பூன், வடிகட்டிய சூப் நாலு ஸ்பூன், அதற்கு மேல் ஒரு ஸ்பூன் போனால் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. பசி என்பதே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஐம்பத்திரண்டு வருடமாகக் கூடவே இருந்தது, போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கடைக்குப் போனேன், ரொட்டி வேகிற வாசனை வந்தது, ஒன்றுமே தோன்றவில்லை. யாரோ இன்னொருத்தியின் மூக்கை வைத்து மோந்தது மாதிரி இருந்தது. ஏன் செய்துகொண்டேன் என்று ஒரு நாளைக்கு நாலு தடவை நினைக்கிறேன். ஐந்தாவது தடவை உன் கை ஞாபகம் வரும், அந்த ஊசிக் கை. பிறகு வாயை மூடிக்கொள்வேன்.

நூற்று மூன்று.

அக்கா


ஏப்ரல் 5

குண்டக்காவுக்கு,

ஐந்து ஓட்டை என்று படித்ததும் டீச்சர் அழுதாள். நான் அழவில்லை, அன்று மெஷின் நாள். இங்கே அழுதால் கண்ணைத் துடைக்க ஒரு கைதான் இருக்கிறது.

இங்கே எனக்கும் எடைதான். வந்ததும் தராசு, போகும்போது தராசு. இரண்டு நாளில் மூன்று கிலோ தண்ணீர் ஏறியிருந்தால் நர்ஸ் முறைப்பாள். "என்ன சார், நேத்து கல்யாண வீட்டுக்குப் போனீங்களா?" நீயும் நானும் ஒரே வீட்டில் பிறந்து, நீ சாப்பாட்டுக்கும் நான் தண்ணீருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஒழுங்காகச் சாப்பிடு. அந்த இரண்டு ஸ்பூனை விடாதே. நான் எதிர்பார்க்கிறேன் என்று அர்த்தமில்லை, சும்மா சொல்கிறேன்.

குச்சி


ஜூன் 17

குச்சிக்கு,

தொண்ணூற்று ஆறு! மூன்றிலக்கம் போயே போய்விட்டது. தராசில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன், பிறகு கடை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி சரி, இறங்கு, மாவு நிறுக்கணும்" என்றார்.

முடி கொட்டுகிறது. சீப்பில் கொத்துக் கொத்தாக. எதிர்பார்த்ததுதானாம், திரும்ப வளருமாம். கேக்கில் விழுந்துவிடக் கூடாதே என்று தலையில் துணி கட்டிக்கொள்கிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பதால் வேர்த்து ஊற்றுகிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. டயட்டீஷியன் இரண்டு லிட்டர் இரண்டு லிட்டர் என்று உயிரை எடுக்கிறாள். தண்ணீர் வாயருகே போகும்போதெல்லாம் உன் பாட்டில்தான் ஞாபகம் வருகிறது. உனக்குக் கொடுக்கப்போகிற உடம்பு இது, நீ நாக்கு வறண்டு கிடக்கும்போது நான் மட்டும் எப்படி மடமடவென்று குடிப்பேன்? அதனால் நானும் ஒரு பாட்டில் வாங்கி, பேனாவால் ஆறு கோடு போட்டிருக்கிறேன். முக்கால் லிட்டர். ஏப்ரலிலிருந்து அவ்வளவுதான். அவள் தாளில் மட்டும் இரண்டு லிட்டர் என்று டிக் போட்டுவிடுகிறேன். எப்படியும் இந்த வயிற்றில் தண்ணீர் இறங்குவது பெரும்பாடு, குறைத்துக்கொண்டதில் எனக்கும் சௌகரியம். சின்ன வயதிலிருந்து எது கிடைத்தாலும் நமக்குப் பாதிப் பாதிதானே. ஒரு மிட்டாயைக் கடித்துப் பங்கு போட்டவர்கள் நாம்.

குண்டு


ஜூலை 2

குண்டக்காவுக்கு,

பாட்டில் விஷயத்தைப் படித்தேன். மெஷினில் இருந்தேன். ஒரு கையால் துடைத்துக்கொண்டேன்.

மூன்று வருடமாக எல்லோரும் என் முன்னால் குடிக்கிறார்கள். குடித்துவிட்டு ஆ என்று மூச்சு விடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. டீச்சர் மட்டும் சமையலறைக்குள் போய்க் குடிப்பாள், ஆனால் எனக்குக் குழாய்ச் சத்தம் கேட்கும். என் தாகத்தைத் தானும் எடுத்துக்கொண்டது நீ ஒருத்திதான். அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். பதினோரு மணிக்கு மூன்றாவது கோடு வரும்போது, அங்கே அவளுக்கும் இதே கோடுதான் என்று நினைத்துக்கொள்கிறேன். தாகம் குறைந்துவிடவில்லை, ஆனாலும் பரவாயில்லை என்று இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் ஆசைப்பட ஆரம்பித்துவிட்டேன். காட்டாதே என்று நான்தான் சொன்னேன். நேற்று டீச்சரிடம் "அடுத்த கோடை விடுமுறைக்கு எங்கயாவது போகலாமா?" என்று கேட்டேன். அவள் எழுந்து போய்ப் பள்ளிக் காலண்டரை எடுத்து வந்தாள்.

ஒவ்வொரு வாரமும் எடையை எழுது.

குச்சி


செப்டம்பர் 14

அக்காவுக்கு,

மூன்று வாரமாக எடை வரவில்லை. ஏன்?

என் இடது கை போய்விட்டது. ஊசி குத்துகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் ஒரு குழாய் சொருகி ஓட்டுகிறார்கள். வலது கையில் புதிதாகச் செய்ய வேண்டும். அதுவும் போனால் அதற்கப்புறம் இடமில்லை என்கிறார் டாக்டர். "உங்க அக்கா எப்ப தயாராவாங்க?" என்று கேட்டார். அவரே கேட்டார். சொல்ல என்னிடம் எண் இல்லை.

நான் அவசரப்படுத்துகிறேன் என்று தெரிகிறது. அவசரம்தான்.

குச்சி


செப்டம்பர் 23

தம்பிக்கு,

எழுதாததற்குக் காரணம், தொண்ணூறிலேயே மூன்று வாரம் நின்றுவிட்டது. வெறும் கையோடு உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. இப்போது எண்பத்து ஒன்பது. டாக்டரிடம் ஜனவரி என்று சொல். நான் கொண்டுவந்து நிறுத்துகிறேன்.

கழுத்தில் குழாயோடு வேலைக்குப் போகாதே.

அக்கா


நவம்பர் 19

குச்சிக்கு,

எண்பத்து ஆறு. இன்னும் இரண்டு.

கடைக்கு மாவு இறக்குகிறவர் எட்டு மாதம் கழித்து வந்தார். என்னைப் பார்த்து, "இங்க ஒரு குண்டம்மா இருப்பாங்களே, அவங்க எங்க?" என்றார். "போயிட்டாங்க" என்றேன். "அடப்பாவமே, நல்ல அம்மா" என்று முகம் வாடிவிட்டார். செத்துப்போனவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்டுவிட்டு, பிறகுதான் நான்தான் என்று சொன்னேன்.

அதுதான் சிரிப்பு. மற்றபடி களைப்பு. இரண்டு தடவை தலை சுற்றி விழுந்தேன். இடுப்புக்கு மேலே பின்பக்கம் பிடித்து இழுக்கிறது, நாளெல்லாம் கேக்கின் மேல் குனிந்து நிற்கிறேனே, அதுதான். எலும்புக்கு மேல் மெத்தை இல்லாமல் போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தால் தோல் தொங்குகிறது, பெரியவள் சட்டையைச் சின்னவளுக்குப் போட்டுவிட்டது மாதிரி. இந்த உடம்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிப்பதற்காக இதைச் செய்யவில்லை.

குண்டு


டிசம்பர் 27

குண்டக்காவுக்கு,

எண்பத்து நாலு புள்ளி ஐந்து என்று நீ எழுதியதை மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரன் ஏதோ ராசியான எண் என்று நினைக்கிறான்.

டாக்டர் நாள் குறித்துவிட்டார். பிப்ரவரியில் அங்கே உனக்குக் கடைசி ஸ்கேன். அது சரியாக இருந்தால் மார்ச் பத்தொன்பது. எனக்கும் ஜனவரியில் எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிடுவார்கள். வலது கையில் புதிதாகச் செய்தது இன்னும் ஓடுகிறது. மார்ச் வரை தாங்கும் என்கிறார்.

டீச்சர் பள்ளியில் ஒரு மாதம் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் கம்பெனி முதலாளியிடம் போய், "ஜூன் மாசத்துலேர்ந்து நான் மேல ஏறலாமா சார்?" என்று கேட்டேன். இருபத்திரண்டாவது மாடிக்கு மேலே மெஷின் ரூம், நான் பூட்டிய மோட்டார் ஒன்று இன்னும் ஓடுகிறது, அதைப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று வராந்தாவில் சொன்னதற்கு மன்னித்துக்கொள். ஒரு வருடம் ஆகிறது. சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

குச்சி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

எண்பத்து மூன்று புள்ளி நாலு.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்கில் மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டு பக்கமும் கல் இருக்கும்மா" என்றார். இடதில் மூன்று, வலதில் இரண்டு. கரைத்துவிட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டேன். திரும்பத் திரும்ப வரும், ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதும் அடைத்துக்கொள்ளும் என்றார். "இனிமே உங்க ரெண்டு கிட்னியும் உங்களுக்கே வேணும். உங்களைக் கொடையாளியா எடுக்க முடியாது" என்றார். கல் போன பிறகு என்றேன், ஒரு வருடம் கழித்து என்றேன், எழுதிக் கொடுக்கிறேன், நான் செத்தால் யார் மேலும் பழி இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு கேட்டார். "இந்த ஒரு வருஷமா தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?"

உண்மையைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த டிக் போட்ட தாள்கள் அவர் பைலில் இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தண்ணீரைக் குறைத்தால் கல் வரும் என்று முதல் வகுப்பிலேயே சொல்வார்களாமே. சொல்லியிருப்பார்கள். நான் அன்று பசியில் இருந்தேன்.

உனக்குக் கொடுக்க வேண்டியதை நான்தான் கெடுத்தேன். வேறு யாரும் கெடுக்கவில்லை. உன்னைப் போலவே இருக்கிறேன் என்று கெடுத்தேன். வெளியே வந்து எங்கே நின்றேன், எந்தப் பஸ்ஸில் ஏறினேன் என்று தெரியவில்லை. கடைக்குப் போகவில்லை. எல்லோரும் ஒல்லியாகிவிட்டாய், அழகாகிவிட்டாய் என்கிறார்கள். இந்த உடம்பை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

நீ என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா


பிப்ரவரி 17
(அனுப்பாதது)

அக்காவுக்கு,

நாலு நாளாக உன் கடிதத்தைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

கோபத்தில் இருக்கிறேன். நீ கேட்டாயே என்ன வேண்டுமானாலும் எழுது என்று, எழுதுகிறேன். நான் கேட்டேனா? எனக்கு ஆசை வேண்டாம் என்று சொன்னேன். நீதான் ஒவ்வொரு கிலோவாகக் கொண்டுவந்து கொட்டினாய். பதினோரு பேர் உட்கார்ந்த வகுப்பில் சொன்ன ஒரே ஒரு விஷயம் உனக்குக் காதில் விழவில்லையா? படித்தவர்கள் இரண்டு லிட்டர் என்றால் இரண்டு லிட்டர் குடிக்க வேண்டியதுதானே? எனக்குத் தண்ணீர் கிடையாது என்றால் உனக்கும் கிடையாது என்று எந்த மடையன் சொன்னான்?

நான்தான் சொன்னேன். வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஜூனில் நீ எழுதினாய். ஏழு மாதம் இருந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் என்ன எழுதினேன்? கண்ணைத் துடைத்துக்கொண்டேன், சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன் என்று எழுதினேன். எனக்கு அது வேண்டியிருந்தது. நீயும் வறண்டு கிடப்பது எனக்கு இதமாக இருந்தது. வாரம் மூன்று நாள் சிறுநீரக டாக்டர்களுக்கு நடுவில் படுத்திருக்கிறவன் நான், ஒருத்தரிடம் கேட்கத் தோன்றவில்லை.

என் பரிசோதனை எல்லாம் வந்துவிட்டது. எல்லாம் சரி. இதயம் ரொம்ப நன்றாக இருக்கிறதாம். "இருபது வயசுப் பையன் இதயம் மாதிரி இருக்கு, தாராளமா செய்யலாம்" என்றார் டாக்டர். வலது கை அடைக்க ஆரம்பித்திருக்கிறது. பெயரை மறுபடி, இறந்தவர்களின் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிற பொதுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், எனக்கு முன்னால் முந்நூறு பேருக்கும் மேலே. டாக்டர் இப்போது மாதக் கணக்கு சொல்வதில்லை.

எனக்கு வாழ வேண்டும் என்று இருக்கிறது. போன வருடம் இந்த நேரம் இது இல்லை. இதைத்தான் உன்னால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

பின்குறிப்பு: டீச்சர் இதைப் படித்துவிட்டாள். "இதை அனுப்பினா அண்ணி உயிரோட இருக்க மாட்டாங்க" என்றாள். "அவங்களைக் காப்பாத்துறதுக்காவது ஒரு பொய் சொல்லுங்க." வேறு எழுதுகிறேன். இது என்னிடமே இருக்கட்டும்.


பிப்ரவரி 21

குண்டக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது, தைரியம் வர நாளாயிற்று.

ஜனவரியில் என் இதயத்தைப் பரிசோதித்தார்கள். பலவீனமாக இருக்கிறது. பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறதாம். மயக்க மருந்தே தாங்காது, மாற்று ஆபரேஷன் செய்ய முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். உன் ஸ்கேனுக்கு மூன்று வாரத்துக்கு முன்பே. சொன்னால் நீ சாப்பிடாமல் படுத்துவிடுவாய் என்று டீச்சரும் நானும் மறைத்துவிட்டோம்.

ஆகவே உன் சிறுநீரகத்தில் கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நீ இரண்டு லிட்டர் குடித்திருந்தாலும் எனக்கு வைத்திருக்க மாட்டார்கள். உன் பாட்டிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை நன்றாகப் படித்துக்கொள்.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. மெஷினோடு நிறையப் பேர் வருடக்கணக்காக இருக்கிறார்கள். நீ கடைக்குப் போ. தண்ணீர் குடி, டாக்டர் சொல்கிற அளவு.

குச்சி


மார்ச் 1

என் தம்பிக்கு,

உன் கடிதம் கடைக்கே வந்தது. அடுப்புப் பக்கத்தில் நின்றபடி படித்தேன். அப்படியே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். கடை அம்மா ஓடிவந்து என்ன என்ன என்றார். "என் தம்பிக்கு இதயம் கெட்டுப்போச்சாம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவர் பயந்துபோய் முகத்தில் தண்ணீர் தெளித்தார். என்னால் நிறுத்த முடியவில்லை. அழுகையும் வந்தது, ஆனால் முதலில் வந்தது சிரிப்புதான்.

இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. உன் இதயம் பலவீனம் என்று படித்ததும் என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிவிட்டது. நான் இல்லை, நான் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்தவனுக்கு வந்த நோயைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஜென்மம் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்னை நீ திட்டலாம். இந்த மூன்று வாரம் நான் எப்படி இருந்தேன் என்று எழுத மாட்டேன், எழுதினால் முன்னாலேயே சொல்லாமல் போனோமே என்று நீ வருந்துவாய்.

நேற்றுத்தான் தூங்கினேன். காலையில் அரை முட்டை இறங்கியது. இன்று மூன்று கேக் எழுதினேன், ஒரு புள்ளிகூட விடவில்லை. கோடை விடுமுறைக்கு டீச்சரோடு இங்கே வா, மெஷின் இங்கேயும் இருக்கிறது, விசாரித்து வைக்கிறேன்.

ஒரே ஒரு உதவி செய். உன் இதய ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை அனுப்பிவை. நம்பாமல் கேட்கவில்லை, உன்னை நம்பாமல் யாரை நம்புவேன்? பகலில் சரியாகத்தான் இருக்கிறேன். படுக்கும்போது மட்டும் அந்தப் பாட்டில் கண் முன்னால் வந்து நிற்கிறது. ரிப்போர்ட் கையில் இருந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்வேன். இந்த வாரமே அனுப்பு, என்ன?

அக்கா